தொட்டிக்குள் தண்ணீர்: நீர்நில வண்டி வாங்கிய புதியவர்களுக்கு

ஆறு சக்கரமோ எட்டுச் சக்கரமோ, நீரிலும் நிலத்திலும் ஓடும் வண்டியை முதல் முறை குளத்தில் இறக்கியவர்கள் கரையேறியதும் கேட்பது ஒரே கேள்விதான்: "உள்ளே தண்ணி நிக்குதே, ஓட்டையா?"

பெரும்பாலும் ஓட்டை இருக்காது. வண்டியின் அமைப்பே அப்படி. இவ்வகையில் பலருக்கும் பெயர் தெரிந்தது கனடாவின் ஆர்கோ. 1967 முதல் ஒன்டாரியோவில் தயாராகிறது. அதையே எடுத்துக்கொள்வோம். அடியில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி. அதற்குள்ளேயே என்ஜின், கியர்பாக்ஸ், சங்கிலிகள் எல்லாம் உட்கார்ந்திருக்கும். தொட்டியின் இரு பக்கமும் துளை போட்டு அச்சுகளை வெளியே நீட்டி, அவற்றில் சக்கரம் மாட்டியிருப்பார்கள். எட்டுச் சக்கர வண்டி என்றால் எட்டுத் துளை, வண்டி மிதக்கும்போது எட்டும் நீர்மட்டத்துக்குக் கீழே. ஒவ்வொன்றிலும் சுழலும் இரும்பு, அதைச் சுற்றி பேரிங், தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் சீல், கிரீஸ். படகில் இப்படி ஒரு துளை இருந்தாலே அதன் சொந்தக்காரருக்குத் தூக்கம் வராது. நாம் எட்டை வைத்துக்கொண்டு குளத்தில் இறங்குகிறோம்.

ஆகவே தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பதை விட்டு, நிமிடத்துக்கு எவ்வளவு வருகிறது என்று பார்க்கப் பழகுங்கள். எந்தப் பக்கமிருந்து வருகிறது, எவ்வளவு வேகத்தில் வெளியேற்ற முடியும் என்பவை அடுத்த இரண்டு கேள்விகள். இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தவர் நிம்மதியாக ஓட்டலாம். தெரியாதவர், தொட்டி எவ்வளவு காய்ந்திருந்தாலும், கரையோரத்திலேயே இருப்பது நல்லது.

ஒரு சின்னக் கணக்கு

தொட்டியின் தரை 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 5 சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் 100 லிட்டர், அதாவது 100 கிலோ. பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, செருப்புப் போட்ட கால் பாதிகூட முழுகாது. ஆனால் வாட்டசாட்டமான ஆள் ஒருவர் கூடுதலாக ஏறி உட்கார்ந்த பாரம். அதுவும் ஓரிடத்தில் உட்காராத ஆள். வண்டி இடப்பக்கம் சாய்ந்தால் தண்ணீர் முழுதும் இடப்பக்கம் ஓடி, சாய்வை இன்னும் கூட்டும். மூக்கு தாழ்ந்தால் முன்னே ஓடும். வண்டி கவிழ்வதற்குப் பெரும்பாலும் தண்ணீரின் எடையைவிட இந்த ஓட்டம்தான் காரணம்.

தயாரிப்பாளர் கையேட்டில் நிலத்துக்கு ஒரு பார அளவு, நீருக்கு ஒரு பார அளவு என்று தனித்தனியாக இருக்கும். நீருக்கானது பெரும்பாலும் குறைவு. அந்தக் கணக்கில் ஆட்கள், பெட்ரோல், கூலர் பெட்டி, பாராங் கத்தி, பின்னால் போட்ட வின்ச் (வண்டியை இழுக்கும் கயிற்றுப் பொறி) எல்லாம் சேரும். நாலு பேர் உட்கார இடம் இருக்கிறது என்பதால் நாலு பேரை ஏற்றிக்கொண்டு தண்ணீரில் இறங்கலாம் என்று அர்த்தமில்லை. பழைய வண்டி வாங்கியவர்கள் கையேடு இல்லையென்றால், மாடல் எண்ணைக் கொண்டு அதைத் தேடி எடுத்துவிட்டு அப்புறம் தண்ணீரைப் பற்றி யோசியுங்கள்.

எங்கிருந்தெல்லாம் வருகிறது

முதல் குற்றவாளி டிரெயின் பிளக். தொட்டியின் அடியில், பெரும்பாலும் பின்பக்கம், தண்ணீரை வடிக்க வைத்திருக்கும் மூடி. அதைக் கழற்றி வைத்துவிட்டு மாட்ட மறந்து குளத்தில் இறங்குவது இந்த வண்டிக்காரர்கள் உலகெங்கும் செய்கிற காரியம். இதற்கு ஒரே மருந்து, பிளக்கைக் கழற்றினால் அதை வண்டிச் சாவியோடு கோத்து வைப்பது. சாவியை எடுக்கும்போது பிளக்கும் கையில் வரும்.

அடுத்தது அச்சு சீல்கள். இவை தானாகத் தேய்வதைவிடப் பிற பொருள்களால் வெட்டுப்படுவதே அதிகம். நம் மலேசியக் குளங்களில் மீன் பிடிப்பவர்கள் விட்டுப்போன தூண்டில் நரம்பு, பிளாஸ்டிக் பை, லாலாங் புல், காட்டுக்கொடி எல்லாம் சக்கரத்துக்கும் தொட்டிக்கும் இடையே அச்சில் சுற்றிக்கொள்ளும். அதிலும் தூண்டில் நரம்பு மோசம். சுற்றச் சுற்ற இறுகி, ரப்பர் சீலின் உதட்டை அறுத்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. சக்கரத்தைக் கழற்றினால்தான் தெரியும். இரண்டாம் கையாக வாங்கிய வண்டியென்றால் எல்லாச் சக்கரங்களையும் ஒரு தடவை கழற்றிப் பார்த்துவிடுங்கள். அரை நாள் வேலைதான்.

மூன்றாவது, முன்னாள் சொந்தக்காரர் போட்ட துளைகள். விளக்கு மாட்ட ஒன்று, வின்ச் தாங்கிக்கு நான்கு, தூண்டில் கம்பு செருக இரண்டு. திருகு ஆணி இறுக்கமாக இருந்தாலும் அதன் அடியில் வாஷரோ பசையோ இல்லாவிட்டால் அது துளைதான். மேல்தொட்டியும் கீழ்த்தொட்டியும் சேரும் விளிம்பும் இப்படித்தான். சாதாரணமாக அது நீர்மட்டத்துக்கு மேலே இருக்கும். பாரம் கூடினால் கீழே போய்விடும்.

மிச்சம் எல்லாம் மேலிருந்து வருவது: சக்கரம் வாரி அடிக்கும் நீர், நனைந்த உடையோடு ஏறும் நண்பர், வேகமாக இறங்கும்போது மூக்கைத் தாண்டி வரும் அலை. மழையும்தான். கோலாலம்பூர் மழைக்குக் கடைசியில் தனியாக வருகிறேன்.

வீட்டிலேயே கசிவைக் கண்டுபிடிப்பது

இதற்கு இரண்டு வழி உண்டு, இரண்டையும் செய்யுங்கள்.

ஒன்று, உள்ளே தண்ணீர் ஊற்றி வெளியே பார்ப்பது. வண்டியை உறுதியான மரக்கட்டைகள் மேல் சமமாக நிறுத்தி, டிரெயின் பிளக்கை இறுக்கி, தொட்டியின் தரை மூழ்குமளவு மட்டும் தண்ணீர் விடுங்கள். அச்சு உயரத்துக்கு விடாதீர்கள். சங்கிலியையும் உள் பேரிங்குகளையும் வீணாக நனைத்ததாகிவிடும். 100 லிட்டர் 100 கிலோ என்பதை மறக்காமல், கட்டைகள் தாங்குமா என்று முதலில் பாருங்கள். கொஞ்ச நேரம் கழித்து டார்ச் விளக்கோடு அடியில் பாருங்கள். எங்கே சொட்டுகிறதோ அதை மார்க்கரால் வட்டம் போடுங்கள். அடிப்பகுதி விரிசல், ஆணித் துளை, பிளக் இருக்கை ஆகியவை இதில் மாட்டும்.

இன்னொன்று, அச்சுகளுக்கு. இதற்கு வண்டி மிதக்க வேண்டும். தொட்டியின் உட்புறத்தை நன்றாகத் துடைத்துக் காயவைத்து, ஒவ்வொரு அச்சுத் துளைக்கும் கீழே முகப்பவுடரைத் தாராளமாகத் தூவுங்கள். ஆழமில்லாத இடத்தில் வண்டியை மிதக்கவிட்டு, முன்னும் பின்னும் சிறிது ஓட்டிவிட்டு உள்ளே பாருங்கள். கசியும் இடத்தில் பவுடர் கரைந்து கோடாக இறங்கியிருக்கும். எட்டில் இரண்டு கசிந்தால் அந்த இரண்டை மட்டும் பிரித்தால் போதும். எல்லாவற்றையும் மாற்றச் சொல்லும் பட்டறைப் போர்மேனிடம் இந்தக் கோடுகளைக் காட்டலாம்.

சீல் மாற்றும்போது பேரிங்கையும் சேர்த்து மாற்றுவது என் வழக்கம். பிரித்த கூலி ஒன்றுதான், பேரிங் விலை அதற்கு முன் பெரிதில்லை. பழைய சீலின் மேல் அச்சடித்திருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு செகாம்புட், ஜாலான் ஈப்போ பக்கம் உள்ள பேரிங் கடைகளில் கேளுங்கள். உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூன்றும் பொருந்தினால் பல சமயம் வண்டிக் கம்பெனியிடமிருந்து வரவழைக்க வேண்டியதே இல்லை.

இப்போது விரிசல். இங்கேதான் புதியவர்கள் காசை வீணாக்குகிறார்கள். விரிசலைக் கண்டதும் ஹார்ட்வேர் கடைக்கு ஓடி சிலிக்கான் குழாய் வாங்கிப் பூசுவார்கள். இந்தக் காலத்துத் தொட்டிகள் பெரும்பாலும் உயரடர்த்தி பாலியெத்திலீன். அதன்மேல் சிலிக்கானும் ஒட்டாது, எப்பாக்சியும் ஒட்டாது. காய்ந்தபின் நகத்தால் உரித்தாலே ஒரே தகடாக வந்துவிடும். முதல் நாள் குளத்தில் நிற்கும், அடுத்த தடவை கைவிடும்.

முதலில் தொட்டி என்ன பொருள் என்று தெரிந்துகொள்ளுங்கள். மறைவான விளிம்பிலிருந்து கத்தியால் ஒரு சின்னச் சீவல் எடுத்து, பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு துளி விட்ட தண்ணீரில் முக்கிவிட்டுப் பாருங்கள். மேலே வந்து மிதந்தால் பாலியெத்திலீன், மூழ்கினால் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கோ வேறொன்றோ. நார்க் கண்ணாடித் (ஃபைபர்கிளாஸ்) தொட்டி என்றால் வெட்டிய இடத்தில் நாரே தெரியும். அதற்குப் படகுக்காரர்கள் போடும் ரெசினும் நார்ப்பாயும் போதும்.

பாலியெத்திலீனுக்குச் சரியான வைத்தியம் சூடுகாற்றால் வெல்டு செய்வது. விரிசலின் இரு முனையிலும் சின்னத் துளை போடுங்கள், இல்லாவிட்டால் அது ஓடிக்கொண்டே இருக்கும். பிறகு வாயை 'வி' வடிவில் சீவி, அதே பொருளில் செய்த குச்சியை உருக்கி நிரப்ப வேண்டும். கார் பம்பர் ஒட்டுகிற கடைகள் இந்த வேலையைச் செய்வார்கள். ஆனால் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: பம்பருக்கு அவர்கள் வைத்திருப்பது பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன் குச்சி. பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும், பாலியெத்திலீனோடு சேராது. குச்சியை நீங்களே வாங்கிக் கொடுப்பது உத்தமம். காட்டில் அவசரம் என்றால் பியூட்டைல் டேப் (ஒட்டும் ரப்பர் நாடா) வைத்து, அதன்மேல் ஓர் அலுமினியத் தகட்டை ரிவெட்டோ ஆணியோ போட்டு அழுத்திவிடுங்கள். பசையை நம்பாமல் அழுத்தத்தை நம்பும் ஒட்டு அது. வீடு வந்து சேரும்வரை தாங்கும்.

பில்ஜ் பம்ப்

தொட்டித் தண்ணீரை வெளியே தள்ளும் சின்ன 12 வோல்ட் பம்ப். சில வண்டிகளில் கூடவே வரும், சிலவற்றில் நாம்தான் போட வேண்டும். இல்லாமல் ஆழத்தில் இறங்காதீர்கள்.

பெட்டியில் 500 என்று போட்டிருந்தால் மணிக்கு 500 அமெரிக்க கேலன், அதாவது ஏறத்தாழ 1,900 லிட்டர், நிமிடத்துக்கு 30 லிட்டருக்கு மேல். அந்த எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். தண்ணீரை மேலே தூக்க வேண்டியிருக்கும், குழாய் நெளிந்திருக்கும், என்ஜின் நின்றபின் பேட்டரி வோல்ட் இறங்கியிருக்கும். எழுதியதில் பாதி கிடைத்தால் சரி என்று கணக்குப் போடுங்கள். உண்மையில் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள, வாளியால் 20 லிட்டர் அளந்து வண்டித் தொட்டியில் ஊற்றி, பம்ப் அதைத் தள்ளி முடிக்கும் நேரத்தைக் கைபேசியில் பாருங்கள். அந்த எண்ணை டேஷ்போர்டில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை சில. பம்பின் கம்பியை, ஃபியூஸ் வைத்து, நேரே பேட்டரியிலிருந்து எடுங்கள். சாவி வழியாக எடுத்தால் என்ஜின் பிரச்சினையில் சாவியை அணைக்கும் நேரத்தில் பம்பும் நின்றுவிடும். இந்த அளவு பம்ப் ஏறத்தாழ 2 ஆம்பியர்தான் இழுக்கும். நல்ல பேட்டரி பல மணி நேரம் தாங்கும். தானாக ஓடும் மிதவை சுவிட்ச் போடுவது நல்லது. ஆனால் பம்ப் ஓடுவதைக் காட்டும் சின்ன விளக்கும் அதோடு வேண்டும். விளக்கு இல்லாவிட்டால், பம்ப் சத்தமில்லாமல் பத்து நிமிடமாக உழைத்துக்கொண்டிருப்பது உங்களுக்குத் தெரியவே தெரியாது. கம்பி இணைப்புகளுக்குக் கறுப்பு டேப் போதாது. சூடுபட்டால் சுருங்கி இறுகும், உள்ளே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடுங்கள்.

வெளியேற்றும் குழாயின் வாய், முழுப் பாரத்தோடு மிதக்கும்போதும் நீர்மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். அது மூழ்கினால் பம்ப் நின்றதும் குளத்து நீர் அதே குழாய் வழியாக உள்ளே இறங்க ஆரம்பிக்கும். குழாயை முதலில் தொட்டியின் மேல்விளிம்பு வரை உயர்த்தி வளைத்து, பிறகு வெளியே விடுவது பழைய படகுக்காரர்களின் வழக்கம்.

அடைப்பு இன்னொரு தொல்லை. சங்கிலி கிரீஸும் சேறும் காய்ந்த இலையும் சேர்ந்து பம்பின் சல்லடையை மூடிவிடும். ஒவ்வொரு முறை இறங்கும் முன்னும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி ஓட்டிப் பாருங்கள். ஒரு நிமிட வேலை. பம்ப் இருந்தாலும் ஒரு கைவாளியும் பெரிய ஸ்பாஞ்சும் வண்டியில் இருக்கட்டும். அவற்றுக்கு ஃபியூஸ் போகாது.

எண்ணெய் விஷயமும் இருக்கிறது. தொட்டியில் கசிந்த எண்ணெய், கிரீஸ் எல்லாம் பம்ப் வழியாக ஆற்றுக்குத்தான் போகும். 1974-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி அது குற்றம். சட்டம் கிடக்கட்டும், நாம் குடிப்பது சுங்கை சிலாங்கூர், சுங்கை லங்காட் தண்ணீர்தான். 2020 செப்டம்பரில் ரவாங் பக்கத்து ஆற்றில் கலந்த கழிவால் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டு, கிள்ளான் பள்ளத்தாக்கே குடமும் கையுமாக நின்றது நினைவிருக்கும். பம்பின் பக்கத்தில் எண்ணெய் மட்டும் உறிஞ்சும் வெள்ளைத் துணிப் பாய் ஒன்றை வைத்துவிடுங்கள். மலிவானதுதான்.

முதல் மிதப்பு: எங்கே, எப்படி

இந்த வண்டிகளைச் சாலையில் ஓட்ட முடியாது; ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) பதிவு கிடையாது. லோரியிலோ டிரெய்லரிலோ ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். காப்புக்காடுகளுக்குள் நுழைய வனத்துறை அனுமதி தேவை.

இடம் தேர்ந்தெடுக்கும்போது முதலில் மனத்தில் வருவது பழைய ஈயச் சுரங்கக் குட்டைகள். பூச்சோங், சுங்கை பீசி, டெங்கில் என்று கோலாலம்பூரைச் சுற்றி எங்கும் இருக்கின்றன. முதல் மிதப்புக்கு அவை வேண்டாம். கரையிலிருந்து இரண்டடி தள்ளி திடீரென்று ஆழமாகும். அடியில் சேறு குழைந்து கிடக்கும். கரை செங்குத்தாக இருப்பதால் ஏறி வரவும் முடியாது.

மலையாறுகளும் வேண்டாம். உலு லங்காட், கோம்பாக், கெமென்சா பக்கம் தண்ணீர் தெளிவாக, முழங்கால் அளவில் ஓடுவதைப் பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கும். மேலே மலையில் மழை பெய்தால், கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே கெப்பாலா ஆயர், அதாவது திடீர் வெள்ளப் பாய்ச்சல், வந்துவிடும். தண்ணீர் கலங்குவது, சருகும் குச்சியும் மிதந்து வருவது, தூரத்தில் இரைச்சல் கேட்பது, இவற்றில் எதைக் கண்டாலும் உடனே கரையேற வேண்டும். சக்கரத்தால் மட்டும் தண்ணீரைத் தள்ளிப் போகும் இந்த வண்டியின் வேகம் மணிக்கு 5 கிலோமீட்டர்கூட வராது, நடக்கிற வேகம்தான். அதைவிட வேகமாக ஓடும் நீரில் வண்டி உங்கள் பேச்சைக் கேட்காது. வெள்ளத்தில் ஆட்களைக் காப்பாற்ற இதைக் கொண்டுபோகலாமே என்று, 2021 டிசம்பர் ஷா ஆலாம் வெள்ளத்துக்குப் பிறகு பலரும் கேட்கிறார்கள். தாமானுக்குள் (குடியிருப்புப் பகுதிக்குள்) தேங்கி நிற்கும் நீரில், பழகிய கை ஓட்டினால் உதவும். ஓடும் வெள்ளத்தில், புதியவர் கையில், காப்பாற்ற வேண்டியவர்கள் பட்டியலில் இன்னும் இரண்டு பேரைச் சேர்க்கும்.

நல்ல இடம் என்றால் தெரிந்தவர் செம்பனைத் தோட்டத்தில், மெதுவாகச் சரியும் கரையுள்ள, இடுப்பளவு ஆழக் குளம். உரிமையாளரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். உடுப்புக்கு மேல் உயிர்காப்பு அங்கி; இருவருக்கு மேல் ஏற வேண்டாம்; துடுப்பு ஒன்று; கரையில் ஒருவர் நீளக் கயிற்றோடு. கயிற்றின் மறுமுனை வண்டியின் முன்கொக்கியில் முன்கூட்டியே கட்டப்பட்டிருக்கட்டும். சக்கரக் காற்றையும் பாருங்கள். இந்தப் பெரிய சக்கரங்களும் மிதவைகள்தான். ஒரு பக்கம் காற்று குறைந்திருந்தால் வண்டி அந்தப் பக்கம் சாயும்.

நேராக, மெதுவாக இறங்குங்கள். சக்கரம் தரையை விட்டதும் கரையிலிருந்து விலகாமல் ஐந்து நிமிடம் அங்கேயே சுற்றுங்கள். பிறகு பம்பைப் போட்டு, தொட்டி காலியாக எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். ஐந்து நிமிடத்தில் வந்ததை அரை நிமிடத்தில் பம்ப் தள்ளிவிட்டால் கவலையில்லை. இரண்டு மூன்று நிமிடம் ஓடினால் வீட்டுக்குத் திரும்பி அச்சைப் பாருங்கள். பம்ப் ஓடியும் மட்டம் இறங்கவே இல்லையென்றால் நீங்கள் ஏற்கெனவே கரையில் இருக்க வேண்டும்.

நீரின் நடுவில் மட்டம் ஏறினால்

யாரும் எழுந்து நிற்கக் கூடாது. எல்லோரும் தாழ்ந்து, நடுவில் உட்காருங்கள். பம்பைப் போடுங்கள். வந்த கரைக்குத் திரும்பியே ஆக வேண்டும் என்றில்லை. பக்கத்துக் கரை எதுவோ அதற்கு விடுங்கள். திரும்பும்போது வட்டத்தைப் பெரிதாகப் போடுங்கள். ஒரு பக்கச் சக்கரங்களை நிறுத்தித் திரும்பும் வண்டி இது, சட்டென்று இழுத்தால் உள்ளே உள்ள நீர் முழுதும் ஒரு பக்கம் சேரும். பதற்றத்தில் ஆக்சிலரேட்டரை முறுக்கி விடவும் வேண்டாம். வேகம் பெரிதாகக் கூடாது, சக்கரம் வாரி அடிக்கும் தண்ணீர் மட்டும் உள்ளே கூடும்.

பெல்ட்டில் ஓடும் வண்டி என்றால், தண்ணீர் பெல்ட்டை நனைத்ததும் என்ஜின் அலறும், சக்கரம் சுற்றாது. என்ஜின் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். நியூட்ரலில் போட்டு சில விநாடி முறுக்கி விட்டால் பெல்ட் சுற்றித் தண்ணீரை உதறும். பிறகு கியர் போட்டுப் பாருங்கள்.

கரையேறும் கணம்தான் எல்லாவற்றையும்விட ஆபத்தானது, இதைப் பலர் சொல்வதே இல்லை. முன்சக்கரம் கரையில் ஏறி மூக்கு உயர்ந்ததும், தொட்டியில் உள்ள நீர் முழுதும் பின்னால் ஓடிப் பின்பக்கத்தை அழுத்தும். அங்கே ஏற்கெனவே ஆட்களும் சாமானும் இருக்கும். பின்விளிம்பு மூழ்கிவிட்டால் அப்புறம் பம்பால் ஒன்றும் ஆகாது. ஆகவே ஏறும் முன் கரைக்கு அருகில் நின்று, தொட்டியை முழுக்கக் காலி செய்யுங்கள். பின்னால் உட்கார்ந்தவர்களை முன்னே நகரச் சொல்லுங்கள். அப்புறம் ஏறுங்கள்.

அன்று மாலையே செய்ய வேண்டியது

நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் சங்கிலி சிவந்துவிடும். நம் ஊர்க் காற்றில் தொட்டிக்குள் எதுவும் தானாகக் காயாது.

வண்டியை மூக்கு உயர நிறுத்தி டிரெயின் பிளக்கைக் கழற்றுங்கள். துளையில் சேறு அடைத்திருந்தால் குச்சியால் குத்திவிடுங்கள். இருக்கை, தரைப்பலகை எல்லாவற்றையும் வெளியே எடுத்து, தொட்டியை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். அதிக அழுத்தத்தில் பீய்ச்சும் ஜெட்டை சீல்களின் மேல் நேராகக் காட்ட வேண்டாம். வெளியே நிற்க வேண்டிய தண்ணீரை நாமே உள்ளே திணித்ததாகும்.

கையுறையும் பூட்ஸும் போட்டுக்கொள்ளுங்கள். குளத்து நீரிலும் சேற்றிலும் எலி மூத்திரத்தால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் கிருமி இருக்கலாம். கையிலோ காலிலோ சின்னக் கீறல் இருந்தாலே போதும். 2010-இல் பகாங்கின் லுபுக் யூ நீர்வீழ்ச்சியில் ஒருவரைத் தேடி இறங்கிய மீட்புக் குழுவினரில் சிலர், பிறகு மெலியோய்டோசிஸ், லெப்டோஸ்பைரோசிஸ் தொற்றால் இறந்துபோனார்கள். நீரில் இறங்கிய சில நாளில் அல்லது ஓரிரு வாரத்தில் காய்ச்சலும் கடுமையான உடல்வலியும் வந்தால், கிளினிக்கில் "குளத்தில் இறங்கினேன்" என்று மறக்காமல் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் டெங்கி சோதனையோடு நிறுத்திவிடக்கூடும்.

அடுத்து கிரீஸ். அச்சு பேரிங்குகளுக்கு கிரீஸ் நிப்பிள் இருக்கும். தண்ணீர் தாங்கும் கிரீஸை, கையால் அழுத்தும் கிரீஸ் துப்பாக்கியால், சக்கரத்தை மெல்லச் சுற்றிக்கொண்டே ஏற்றுங்கள். பழைய கிரீஸும் சாம்பல் நிறத் தண்ணீரும் முதலில் வெளியே வரும். சுத்தமான கிரீஸ் எட்டிப் பார்த்ததும் நிறுத்திவிடுங்கள். காற்றழுத்தத் துப்பாக்கி வேண்டாம், சீலையே வெளியே தள்ளிவிடும். சங்கிலியைத் துடைத்து, காய்ந்தபின் எண்ணெய் விடுங்கள். பிரேக் தட்டில் எண்ணெய் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தொட்டியில் நீர் அதிகம் நின்ற நாளென்றால் கியர்பாக்ஸ் எண்ணெயையும் என்ஜின் எண்ணெயையும் பார்க்க வேண்டும். தே தாரிக் (பால் தேநீர்) நிறத்தில் நுரைத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. அதை வைத்து ஓட்டாதீர்கள். வடித்து, புது எண்ணெய் விட்டு, கொஞ்சம் ஓட்டி, மறுபடியும் வடித்து மாற்றுங்கள். தண்ணீர் காற்று வடிகட்டி வழியாக என்ஜினுக்குள்ளேயே போய் அது நின்றிருந்தால் ஸ்டார்ட்டரைத் தொடவே கூடாது. தண்ணீரை அழுத்த முடியாது. பிஸ்டன் முட்டினால் கனெக்டிங் ராடு வளையும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, துளையிலிருந்து முகத்தை விலக்கிக்கொண்டு, என்ஜினைச் சுற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகே மற்றதெல்லாம். தைரியம் இல்லையென்றால் அப்படியே லோரியில் ஏற்றிப் பட்டறைக்கு அனுப்புங்கள்.

கடலில் ஓட்டியவர்களுக்கு இதெல்லாம் இரட்டிப்பு. என் கருத்து, கடலே வேண்டாம்.

நிறுத்தி வைத்திருக்கும்போது

கோலாலம்பூரில் ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டருக்கு மேல் மழை. மார்ச், ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் மாலையானால் கொட்டித் தீர்க்கும். ஒரே மாலையில் 50 மில்லிமீட்டர் பெய்தால், மேலே சொன்ன 2 சதுர மீட்டர் தொட்டியில் அதே 100 லிட்டர் சேர்ந்திருக்கும். குளத்துக்கே போகாமல் வண்டி நாசமாகும் வழி இது. ஸ்டார்ட்டர், கியர்பாக்ஸ் சீல், சங்கிலியின் கீழ்ப்பாதி எல்லாம் வாரக்கணக்கில் நீரில் ஊறும்.

ஆகவே நிறுத்தும்போது டிரெயின் பிளக் எப்போதும் கழன்றே இருக்கட்டும், வண்டி துளை இருக்கும் பக்கம் சற்றே சரிந்து நிற்கட்டும். தார்ப்பாய் போடுபவர்கள் நடுவில் ஒரு குழாயோ கட்டையோ கொடுத்துக் கூரைபோல உயர்த்திக் கட்டுங்கள். தட்டையாகக் கட்டினால் பள்ளத்தில் நீர் தேங்கும். தேங்கிய இடத்தில் ஏடிஸ் கொசு முட்டையிட்டால், ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகப் பறக்கும். சக்கரத்தின் குழிவுகளையும், கழற்றிப் போட்ட பழைய டயர்களையும், கவிழ்க்காமல் விட்ட கைவாளியையும் பாருங்கள். சுகாதார அதிகாரிகள் தாமானில் சோதனைக்கு வரும்போது முற்றத்தில் நிற்கும் இப்படியொரு வண்டியைப் பார்க்காமல் போக மாட்டார்கள். கொசுப்புழு கண்டால், நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி 500 ரிங்கிட் வரை சம்மன் எழுதலாம். தொட்டியின் தாழ்ந்த மூலையில், பம்ப் சல்லடைக்கு அடியில், எவ்வளவு வடித்தாலும் கொஞ்சம் நீர் நிற்கும். அதை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். மழைக்காலத்தில் வாரம் ஒரு தடவை.